மூன்று வெள்ளியும் ஒரு ஞாயிறும்

கார்ப் பந்தயத்தில் யாராவது இறந்துவிட்டால், "விதி முடிந்தது, போய்ச் சேர்ந்தார்" என்று ஒரே வரியில் கதையை முடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம் மொழியில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தலையில் எழுதியதும் விதி. காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று அறிவிப்பதும் விதி. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் இறந்தவர்கள் முதல் விதியால் சாகவில்லை. இரண்டாவது விதி இல்லாததால் செத்தார்கள்.

நாஸ்கார் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் தொடங்கிய அமைப்பு. பார்ப்பதற்குச் சாதாரண கார் மாதிரி இருக்கும் 'ஸ்டாக் கார்'களை, பெரும்பாலும் நீள்வட்டப் பாதைகளில் ஓட்டுவார்கள். என் மகன் வட கரோலினாவில் சார்லட் பக்கம் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது 600 மைல் பந்தயம் ஒன்றை நேரில் பார்த்தேன். ஒன்றரை மைல் பாதையை 400 சுற்று. மாலையில் ஆரம்பித்து இரவில்தான் முடியும். மருமகள் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் முதல் 100 சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. காதில் அடைப்பான் இல்லாமல் உட்கார முடியாது. சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். "இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பது ஒரு விளையாட்டா?" என்று கேலி செய்பவர்கள், 40 கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு சாய்தளத்தில் பாய்வதை ஒருமுறை பார்க்க வேண்டும். நான் இந்த விளையாட்டின் எதிரி அல்ல. விரும்பிப் பார்ப்பவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

பந்தய வாரக்கடைசி என்பது பொதுவாக மூன்று நாள் திருவிழா. வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டமும் சின்னப் பந்தயங்களும். சனிக்கிழமை அடுத்த நிலைப் பந்தயம். ஞாயிற்றுக்கிழமைதான் தேர். கூட்டம், தொலைக்காட்சி, விளம்பரம் எல்லாம் ஞாயிறுக்கே. வெள்ளியன்று இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்.

முதல் வெள்ளி: 2000 மே 12. நியூ ஹாம்ப்ஷயர் பாதையில் பயிற்சி ஓட்டம். ஆடம் பெட்டி, வயது 19, சுவரில் மோதி இறந்தார். 1959இல் முதல் டேட்டோனா 500 பந்தயத்தை வென்ற லீ பெட்டியின் கொள்ளுப்பேரன். ஏழு முறை சாம்பியனான ரிச்சர்ட் பெட்டியின் பேரன். நான்கு தலைமுறையாக இதே தொழிலில் இருக்கும் குடும்பம்.

இரண்டாவது வெள்ளி: அதே ஆண்டு ஜூலை 7. அதே பாதை, கிட்டத்தட்ட அதே வளைவு, அதே பயிற்சி ஓட்டம். கென்னி இர்வின் இறந்தார்.

மூன்றாவது வெள்ளி: அக்டோபர் 13, டெக்சாஸ். டிரக் பந்தயத்தில் சுவரில் மோதிய டோனி ரோப்பர் மறுநாள் உயிரிழந்தார்.

பெட்டியும் இர்வினும் எப்படி இறந்தார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. வேகமாக ஓடும் கார் கான்கிரீட் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. பெல்ட் மார்பையும் தோளையும் பிடித்துக்கொள்கிறது. தலையை யார் பிடிப்பது? ஹெல்மெட்டின் எடையோடு தலை மட்டும் முன்னே பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துவிடுகிறது. உடம்பில் பெரிய காயமே இல்லாமல் ஆள் போய்விடுவார்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லையா என்றால், எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே 'ஹான்ஸ்' என்ற கருவியை உருவாக்கிவிட்டார்கள். தோளில் மாட்டும் ஒரு பட்டை. அதிலிருந்து இரண்டு வார் ஹெல்மெட்டுக்குப் போகும். தோள் நின்றால் தலையும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். 1990களின் தொடக்கத்திலிருந்து காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்ற நிலை.

மூன்று வெள்ளிக்குப் பிறகு நாஸ்கார் என்ன செய்தது? ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் இன்ஜினை நிறுத்த ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் கட்டாயம் என்றது. நியூ ஹாம்ப்ஷயரில் அடுத்த பந்தயத்துக்கு வேகத்தைக் குறைக்கக் காற்றைத் தடுக்கும் தகடு மாட்டச் சொன்னது. அந்தப் பந்தயத்தில் ஜெஃப் பர்ட்டன் 300 சுற்றும் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வென்றார். தலைக்கும் கழுத்துக்குமான காப்பை மட்டும் கட்டாயமாக்கவில்லை. அது ஓட்டுநரின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. 2001 பிப்ரவரி 18, டேட்டோனா 500. கடைசிச் சுற்று, கடைசி வளைவு. ஏழு முறை சாம்பியன், 49 வயது டேல் எர்ன்ஹார்ட்டின் 3ஆம் எண் கார் சுவரில் மோதியது. அவர் சொந்தமாக நடத்திய அணியின் இரண்டு கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்த அதே நொடிகளில், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போய்விட்டார். அவருக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிதான் உடைந்திருந்தது.

உடனே விதி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சில நாட்களில் நாஸ்கார் அறிவித்தது, பெல்ட் அறுந்திருந்தது என்று. பழி முழுவதும் பெல்ட் செய்த பில் சிம்ப்சன் தலையில் விழுந்தது. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தன் கம்பெனியை விட்டே வெளியேறினார். எர்ன்ஹார்ட்டின் காரோடு உரசிய ஸ்டெர்லிங் மார்லினையும் ரசிகர்கள் மிரட்டினார்கள். அக்டோபரில் சார்லட்டில், வேறொரு அமைப்பு நடத்திய பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரும் இறந்தார். அதன் பிறகு இரண்டே வாரத்தில் தலை-கழுத்துக் காப்பு கட்டாயம் என்று நாஸ்கார் அறிவித்தது. ஐந்தாவது சாவுக்குப் பிறகு.

நான் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் எதை எழுதினால் யாருக்கும் செலவில்லையோ அதைத்தான் முதலில் எழுதச் சொல்வார்கள். பெரும்பாலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு'. இயந்திரத்துக்கு ஏன் தடுப்பு இல்லை என்று எழுதினால் செலவு. அதனால் இந்த பெல்ட் கதை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

"விதி செய்ய நேரம் ஆகத்தானே செய்யும்?" என்பார்கள். சரி, 1987ஐப் பாருங்கள். அலபாமாவின் டாலடேகா பாதையில் அந்த ஆண்டு பில் எலியட் மணிக்கு 342 கி.மீ. வேகத்தில் தகுதிச் சுற்று ஓடினார். அதே வாரக்கடைசியில் பாபி ஆலிசனின் டயர் வெடித்து, கார் பறந்து, பார்வையாளர் வேலியைக் கிழித்தது. ரசிகர்கள் சிலர் காயமடைந்தார்கள். 1988இல் டேட்டோனாவிலும் டாலடேகாவிலும் காற்றுத் தடுப்புத் தகடு கட்டாயம்! டிக்கெட் வாங்கியவனுக்கு ஆபத்து என்றால் மறு வருடமே விதி. ஓட்டுபவனுக்கு ஆபத்து என்றால் ஐந்து பிணம் வேண்டும். நேரம் ஆகும் என்பது சாக்கு.

"ஓட்டுநர்களே அதை மாட்ட விரும்பவில்லையே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். எர்ன்ஹார்ட்டுக்கும் அது பிடிக்கவில்லை. அவர் முகம் திறந்த ஹெல்மெட்தான் போடுவார். ஆனால் விதி என்பதே அதற்குத்தானே? பக்கத்துக் காரில் இருப்பவன் மாட்டாதபோது நான் மாட்டினால் கோழை என்பார்கள் என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. எல்லோரும் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஓட்டுநரின் வீரத்தைக் காட்டி அமைப்பு தன் கடமையிலிருந்து நழுவக் கூடாது.

"ஆபத்து இல்லாவிட்டால் சுவாரசியம் போய்விடும்" என்பதுதான் எனக்கு அருவருப்பான வாதம். 2001க்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் பந்தய விபத்தில் ஓர் ஓட்டுநர்கூட இறக்கவில்லை. 2020 டேட்டோனாவில் ரயன் நியூமனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, இன்னொரு கார் அதன்மேல் மோதியது. இரண்டாம் நாள் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். அந்தக் காட்சியில் சுவாரசியம் குறைவு என்று நினைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

இது பழைய கதை அல்ல. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய, அடியை உள்வாங்கும் 'சேஃபர்' சுவர் 2002இல் இண்டியானாபோலிசில் வந்துவிட்டது. 2015இல் கைல் புஷ் டேட்டோனாவில் மோதியது வெறும் கான்கிரீட்டில். கால் உடைந்த பிறகுதான் மீதிச் சுவர்களுக்கும் வைப்போம் என்றார்கள். 2022இல் புதிய மாதிரிக் காரின் பின்பகுதி மிகவும் விறைப்பாக இருக்கிறது, அடி முழுவதும் எங்கள் உடம்பில் இறங்குகிறது என்று ஓட்டுநர்கள் முறையிட்டார்கள். கர்ட் புஷ் மூளை அதிர்ச்சியால் முழுநேரப் பந்தய வாழ்வையே விட நேர்ந்தது. பின்பகுதியைத் திருத்தியது அதற்கு அடுத்த ஆண்டு.

ஆகவே நண்பர்களே, இனி யாராவது "எல்லாம் விதி" என்றால், எந்த விதி என்று கேளுங்கள். அது எப்போது எழுதப்பட்டது, அதற்கு முன் எத்தனை வெள்ளிக்கிழமைகள் போயின என்றும் கேளுங்கள்.