பிரேக் எண்ணெய்

கார் வைத்திருக்கும் நம்மவர் என்ஜின் எண்ணெயை மாற்றத் தவறுவதில்லை. வண்டியைக் கழுவி மெருகிடவும் தவறுவதில்லை. பிரேக் எண்ணெயை எப்பொழுது மாற்றினீர் என்று கேட்டாலோ, பலர் விழிக்கின்றனர். குறைந்தபோது ஊற்றினோம் என்பர் சிலர். ஊற்றுவது வேறு, பழையதை நான்கு சக்கரங்களின் வழியாகவும் வடித்துப் புதியதை நிரப்புவது வேறு.

இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஓயாது உறிஞ்சும் இயல்பினது. 'டாட் 3' என்னும் வகை, புதிதாயிருக்கையில் 205 டிகிரி ஸெண்டிகிரேடுக்குக் குறைந்த உஷ்ணத்தில் கொதிக்கலாகாதென்பது விதி. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான ஜலம் சேர்ந்தாலே அது 140 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். சமவெளியில் இக்கேடு புலப்படாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போதுதான் எண்ணெய் கொதித்து ஆவி உண்டாகிறது. ஆவி அழுத்தத்தில் சுருங்குமேயன்றி விசையைச் சக்கரத்துக்குக் கடத்தாது. மிதி அடிவரை இறங்குகிறது, வண்டி நிற்பதில்லை. உடனே டிரைவர்மீது பழி! கீழ் கியரில் இறங்காதது அவர் பிழையாகலாம்; ஈரமேறிய எண்ணெய் யார் பிழை? சொந்தக்காரர் பிழையன்றோ?

பெரிய பஸ்களுக்குக் காற்று பிரேக். நாம் கூறுவது கார், வேன்களைப் பற்றி. இவற்றுக்கு இரண்டு வருஷத்துக்கொரு முறை எண்ணெய் மாற்றுவது அவசியம். திறந்துவைத்த டப்பாவின் மிச்சம் உதவாது. வாடகை வண்டிகளின் தகுதிச் சோதனையில் எண்ணெயின் ஈரத்தையும் கட்டாயம் அளக்கும்படி சர்க்கார் விதிக்கவேண்டும். அதற்கான கருவி பேனா அளவினதே.