வேட்பாளரைத் தேர்பவர் யார்?

யார் நின்றால் என்ன என்று பினாங்கு வாக்காளன் சலித்துக்கொள்வதைப் பொறுப்பின்மை என்று தலைவர்கள் சாடுகின்றனர். பழியை இடம் மாற்றிச் சுமத்தும் பேச்சு அது.

போருக்குப் பின் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951இல் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒழித்தே விட்டது. மீட்க முயன்ற மாநில அரசின் மனுவும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. குப்பைக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான மாநகராட்சி உறுப்பினர் இன்றும் நியமனம் பெற்றவரே.

எஞ்சிய சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களிலேனும் வேட்பாளரைத் தெரிவு செய்யும் உரிமை வாக்காளனுக்கு உண்டா? அமெரிக்காவில் அதற்கென்றே கட்சிகளுக்குள் முதனிலைத் தேர்தல் நடைபெறுகின்றது. (அங்கும் பணம் விளையாடும், அது வேறு கதை.) இங்கோ கட்சித் தலைமையின் பட்டியலே முடிவு. எதிர்க்கரைப் பிறைத் தொகுதியில் மும்முறை வென்ற பேராசிரியர் இராமசாமியின் பெயர் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை. நீக்கியது சரியா, தவறா என்பதன்று வினா. அம்முடிவில் பிறை மக்களுக்கு ஒரு வாக்கேனும் இருந்ததா?

தொகுதி உறுப்பினர் மறைவாக வாக்களித்து வேட்பாளரைத் தெரிவு செய்யும் விதியைக் கட்சிகள் முதலில் தம் அமைப்புச் சட்டத்தில் எழுதட்டும். வாக்காளனின் சலிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.