இயந்திரம் நிற்கிறது, நினைவு நிற்குமா?

லகாட் வட்டாரத்தில் ஆங்காங்கே பெரிய குளங்களைக் காணலாம். அவற்றுள் பல இயற்கையாகத் தோன்றியவை அல்ல. பழைய ஈய லம்பங்களின் பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டதை மலாயா வழங்கியது. அதில் பெரும்பங்கு கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்தது. அங்கு உழைத்தவர்களின் நினைவுகளைக் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்வது அவசியமாகும்.

ஈயம் தோண்டுவது உடல் உழைப்பு மட்டுமன்று; அது ஒரு தொழில்நுட்பம். தஞ்சோங் துவாலாங் அருகே நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் இதற்குச் சான்றாகும். 1938இல் கட்டப்பட்ட இக்கப்பல் 75 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 4,500 டன் எடையும் கொண்டது. குளத்தில் மிதந்தபடி, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் அடிமண்ணை அள்ளும். ஈயத்தாது மணலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. எனவே, நீரில் அலசும்போது தாது கீழே தங்க, மணல் வெளியேறும். 1982இல் இக்கப்பலின் பணி முடிவுற்றது.

இன்று அதைப் பார்வையிடுவோர் வாளிகளைக் காண்கின்றனர்; அவற்றை இயக்கிய கைகளைக் காண்பதில்லை. வாளி பாறையில் மோதினால் என்ன செய்தார்கள்? இரவு வேலையில் ஆபத்தை எவ்வாறு அறிந்தார்கள்? டூலாங் தட்டில் தாதை அலசிய பெண்கள் அக்கலையை யாரிடம் கற்றார்கள்? இவ்வினாக்களுக்கு இரும்பு விடை கூறாது.

கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கும்போது வேறு முயற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். அருங்காட்சியகம் மிகவும் தேவையானதே. ஆயினும், கருவி காத்திருக்கும். மனிதர் காத்திருக்க முடியாது. 1985இல் ஈய விலை சரிந்தபின் பல லம்பங்கள் மூடப்பட்டன. 1965இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எண்பது வயதை எட்டியிருப்பார்.

இப்பணியை மாணவர்களே தொடங்கலாம். தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியவர்களிடமும் அனுமதி பெற்று, அவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். பணியாற்றிய இடம், ஆண்டு, கருவிகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பழைய படங்களில் இருப்போரின் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். மலாய், சீன, இந்தியத் தொழிலாளர்கள் அனைவரின் குரலும் அதில் இடம்பெற வேண்டும். பதிவுகளின் படியைப் பள்ளி நூலகத்தில் வைத்தால் அடுத்த தலைமுறையும் பயன்பெறும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். லம்பம் மூடினாலும் குளம் எஞ்சியது. கப்பல் நின்றாலும் இரும்பு எஞ்சியது. உழைத்தவரின் சொல் மட்டும், கேட்பவர் இருந்தால்தான் எஞ்சும்.