மேல்மலையில் டால்ஸ்டாய்

கொடைக்கானலுக்கு வருகிறவர் எவரும் ஐரோப்பாவின் சுவடுகளைக் காணாமல் திரும்புவதில்லை. மதுரை ஆட்சியராய் இருந்த வியர் லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் உருவான ஏரி, 1872இல் கோக்கர் அமைத்த நடைபாதை, 1895இல் இயேசு சபையினர் செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரி, கருங்கல் சுவர் வைத்த பழைய பங்களாக்கள் என்று எங்கு திரும்பினாலும் அவை தென்படுகின்றன. சரிவுகளில் விளையும் உருளைக்கிழங்கும் காப்பியும்கூடக் கடல் கடந்து வந்தவைதாம். கட்டடங்களும் பயிர்களும் ஏறிவந்த இம்மலையில், அக்கண்டத்தின் தலைசிறந்த கதைகள் மட்டும் இங்கே மண்ணில் உழைப்பவர்களின் காதுக்கு எட்டவில்லை. இதனை ஒரு குறையென்றே நாங்கள் கருதுகிறோம்.

நாங்கள் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். கொடைக்கானலுக்கு அப்பால், பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் மேல்மலைக் கிராமங்களுள் ஒன்றில், அண்மையில் எழுத்தறிவு பெற்ற பெரியவர்களுக்காக ஞாயிறு பிற்பகல்களில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். வருகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்த பெண்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். ஒரு பத்தியை முடிப்பதற்குள் களைத்துப் போவார்கள். இவர்களுக்கு ஐரோப்பியப் பேரிலக்கியத்தை எவ்வாறு அறிமுகம் செய்வது என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு விடை தயாராக இருந்தது. அந்த விடை தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தொடக்கத்தில் நாங்கள் செய்தது சுருக்கம். டால்ஸ்டாய் 1886இல் எழுதிய, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்கும் கதையை ஒன்றரைப் பக்கமாகக் குறுக்கினோம். பாகோம் என்ற பெயர் வாயில் நுழையாது என்று அதையும் மாற்றினோம். கீழே ‘நீதி: பேராசை பெருநட்டம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தோம். படித்தார்கள், தலையசைத்தார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அக்கதையைப் பற்றிக் கேட்டபோது ஒருவருக்கும் எதுவும் நினைவில் இல்லை. நீதி மட்டும் நினைவில் இருந்தது. அது அவர்கள் பிறந்தது முதல் கேட்டுவரும் பழமொழிதானே!

சில மாதங்கள் கழித்து, வேறு வழி தோன்றாமல், அதே கதையை ஒரு வரியும் குறைக்காமல் எங்களுள் ஒருவர் உரக்கப் படித்தார். பாகோம் பாகோமாகவே இருந்தான். பாஷ்கிர்களின் நாட்டில் ஆயிரம் ரூபிளுக்கு, சூரியன் எழுந்து சாய்வதற்குள் சுற்றி வரும் நிலமெல்லாம் சொந்தம் என்ற ஒப்பந்தம் வந்தது. மண்வெட்டியோடு அவன் ஓட ஓட, அறையில் பேச்சு நின்றது. புறப்பட்ட இடத்துக்கு மூச்சிரைக்க வந்து விழுந்து அவன் இறந்துபோக, தலை முதல் கால் வரை அவன் உடல் அளவுக்கு ஒரு குழி வெட்டிப் புதைத்தார்கள் என்று கதை முடிந்தது. சற்று நேரம் கழித்து ஒரு முதிய பெண்மணி கேட்டார்:

“அவன் செத்துட்டான். செரி. அந்த எடம் யாருக்குப் போச்சு சார்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “அது பாஷ்கிர்கள் கையிலேயே இருந்திருக்கும்மா” என்றோம்.

“அப்ப அவுங்க ஏமாறல. நாங்க மேட்டுல நின்னு சிரிக்கல சார். கைநாட்டு வச்சுட்டு வந்தோம். எங்க காட்ட வாங்குனவுக ஓடவும் இல்ல, சாகவும் இல்ல. கார்ல வந்து பாத்துட்டுப் போனாக.”

ஒப்பிலக்கிய வகுப்பில் பதினெட்டு ஆண்டுகளாக இக்கதையைப் பாடம் சொல்லி வருகிறோம். வாங்க வந்தவனின் பக்கத்திலிருந்தே அதைப் பார்த்திருக்கிறோம். விற்கிறவர்களின் பக்கம் ஒன்று இருப்பது எங்களுக்கும் தோன்றியதில்லை, எந்த மாணவருக்கும் தோன்றியதில்லை. படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்த ஒருவருக்கு அது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. அவர் அறுபது வயதுக்குமேல் எழுத்துப் படிக்க வந்ததன் காரணத்தையும் அன்றுதான் நாங்கள் அறிந்தோம். நாங்கள் தயாரித்த ஒன்றரைப் பக்கச் சுருக்கத்தில் பாஷ்கிர்கள் ஒரே வாக்கியத்தில் வந்து போயிருந்தார்கள். எதை அவசியமற்றது என்று வெட்டினோமோ, அதிலேதான் அவருடைய வாழ்க்கை இருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இது: புதிதாக வாசிக்க வரும் பெரியவர் குழந்தையல்லர். அவருக்குக் குறைவாக இருப்பது எழுத்துப் பழக்கம் ஒன்றே. வாழ்ந்த அனுபவம் நம்மைவிட மிகுதி. அவருக்குப் பெரிய நூலின் சுருக்கத்தைத் தருவதைவிட, சிறிய கதையை முழுமையாகத் தருவதே முறை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. டால்ஸ்டாயே இவ்வழியில் நடந்தவர். 1859இல் யாஸ்னயா பொல்யானாவில் உழவர் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். ‘போரும் அமைதியும்’ எழுதி முடித்த பின்னர், 1872இல், ஓர் அரிச்சுவடி நூலை வெளியிட்டார். எழுத்துக் கூட்டத் தொடங்குபவருக்காக எழுதினாலும் ஒவ்வொரு கதையும் முழுமையான கதையாக இருக்க வேண்டுமென்று உழைத்தார். 1884இல் செர்த்கோவுடன் சேர்ந்து ‘போஸ்ரேத்னிக்’ என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, ஓரிரு கோபெக் விலையில் எளிய மக்களுக்கு நூல்கள் கிடைக்கச் செய்தார். 1898இல் வெளிவந்த கலை பற்றிய தம் நூலில், தம் படைப்புகளுள் ‘காகஸஸ் கைதி’, ‘கடவுள் உண்மையை அறிவார், ஆனால் காத்திருப்பார்’ என்ற இரண்டு கதைகள் நீங்கலாக மற்றவற்றையெல்லாம் மோசமான கலை என்று ஒதுக்கினார். ‘அன்னா கரீனினா’வுக்கும் அதே தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காப்பாற்றிய இரண்டும் புதிய வாசகருக்காக எழுதிய கதைகள் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தையும், அதில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களையும் நம் தலைமுறை மறந்திருக்காது. கற்பிக்கப் போனவர்கள் மக்களிடமிருந்து கற்றுக்கொண்டு திரும்பியதை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்வரை முயற்சிகள் தொடர்ந்திருக்கின்றன. ஆனால் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய பிறகு அந்தப் பெரியவரின் கையில் என்ன புத்தகம் இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. பயன்படாத எழுத்து சில ஆண்டுகளில் மறந்து போகிறது.

நூல்கள் தமிழில் இல்லாமல் இல்லை. ஹம்சுனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, லாகர்குவிஸ்டின் ‘அன்புவழி’ ஆகியவற்றை க.நா.சு. தமிழாக்கினார். ரா. கிருஷ்ணையாவின் ‘வெண்ணிற இரவுகள்’, ‘புத்துயிர்ப்பு’ போன்றவை மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்து இங்கே ஒரு தலைமுறை வாசகர்களையே உருவாக்கின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த ஊற்று வற்றியது. பின்னர் எம்.ஏ. சுசீலா ‘குற்றமும் தண்டனையு’ம் ‘அசட’னும் தந்தார். இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. இருப்பினும் இவை ஏற்கெனவே வாசகராக இருப்பவர்களை எண்ணிச் செய்த மொழிபெயர்ப்புகள். கண்ணால் படிக்கையில் இடறாத வாக்கியம் வாயால் படிக்கையில் இடறுகிறது.

ஒரு வாக்கியம் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘வண்டியினின்றும் இறக்கப்பட்டுக்கொண்டிருந்த மூட்டைகளைக் கண்ணுற்ற அவன் வியப்புற்றான்.’ இதைப் படிக்கும் புதிய வாசகர் ‘கண்ணுற்ற’ என்பதற்கு வருமுன் மூட்டையை மறந்துவிடுகிறார். ‘வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள். அவன் பார்த்தான். வியப்பாக இருந்தது’ என்றால் அவர் நிற்பதில்லை. பொருளில் எதுவும் குறையவில்லை. மூச்சுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதிய வாசகருக்கான மொழிபெயர்ப்பாளர் தம் வரிகளை ஒருமுறையேனும் உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

பெயர்களை மாற்றுவதையும் கைவிட்டோம். தழுவலைப் புதுமைப்பித்தன் கடுமையாகச் சாடியதை வகுப்பில் சொல்லிவிட்டு, மலையில் நாங்களே அதைச் செய்துகொண்டிருந்தோம். அந்நியப் பெயர்கள் இரண்டாம் வாரத்திலேயே பழகிவிட்டன. அளவுகளையும் அப்படியே விட்டோம். ஒரு தெஸ்யாத்தின் என்பது ஏறத்தாழ 2.7 ஏக்கர் என்று சொன்னதும், பாகோமின் நிலக்கணக்கை எங்களுக்கு முன்பாக அவர்களே போட்டு முடித்தார்கள்.

செகாவின் ‘வான்கா’வைப் படித்த நாளையும் சொல்ல வேண்டும். மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், தன்னை அழைத்துப் போகும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையின்மேல் ஊர்ப்பெயர் எழுதத் தெரியாமல், கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு என்ற அளவில் எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நம்பிக்கையோடு உறங்கிப் போகிறான். கல்லூரி மாணவர்களுக்கு இது பரிதாபமான கதை. தம் முகவரியை எழுதச் சென்ற ஆண்டுதான் கற்றுக்கொண்டவர்களுக்கோ, அக்கடிதம் போய்ச் சேராது என்பது உடலில் உறைக்கும் செய்தி. பின்கோடு இல்லையே என்று ஒருவர் சிரித்தார். சிரித்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குறிஞ்சித் திணைக்கு உரிய மலையில் நின்றுகொண்டு ருஷ்யக் கதை சொல்வானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம்முடைய கதைகள் போதாவா? நியாயமான கேள்வி. எங்கள் வட்டத்தில் புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் படிக்கிறோம், அவர்கள் இடத்தில் ஐரோப்பியரை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் உலக இலக்கியம் பட்டம் பெற்றவர்களுக்கு, உள்ளூர்க் கதை மற்றவர்களுக்கு என்று ஒரு பந்தி பிரிப்பு அக்கேள்விக்குள் ஒளிந்திருக்குமானால், அதை ஏற்க இயலாது. இம்மலையில் உருளைக்கிழங்கை எவரும் அந்நியப் பயிர் என்று பிடுங்கி எறிவதில்லை. விக்தர் யூகோவின் நாவல் சுத்தானந்த பாரதியாரின் தமிழ்வழி 1950இல் ‘ஏழை படும் பாடு’ என்ற திரைப்படமாக வந்தது. அதில் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஒரு பிரெஞ்சுக் காவல் அதிகாரியின் பெயரைத் தமிழ் மக்கள் தம்முடைய நடிகருக்குச் சூட்டி, வெகு இயல்பாக அழைத்தார்கள். அவர்களுள் எத்தனை பேர் பள்ளிக்குப் போயிருப்பார்கள்?

இதழ்கள் நடத்தும் நண்பர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். டால்ஸ்டாய், செகாவ், மாப்பசான் ஆகியோரின் சிறுகதைகளுள் பத்தைத் தேர்ந்து, வெட்டாமல், நீதி சேர்க்காமல், உரக்கப் படிக்கத்தக்க தமிழில், பெரிய எழுத்தில், கதைக்கு ஒரு சிறு நூலாக வெளியிட்டால் போதும். மாப்பசானின் அட்டிகைக் கதை ஒன்றே, கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலைப்பொழுதுக்குப் பேச்சாகும்.

எங்கள் வட்டத்தில் அடுத்து ‘நிலவள’த்தைப் பகுதி பகுதியாகப் படிக்க இருக்கிறோம். காட்டைத் திருத்தி உருளைக்கிழங்கு நடும் இசாக்கிடம், அந்த நிலத்துக்குப் பத்திரம் இல்லையே என்று அதிகாரி ஒருவர் வந்து சொல்லும் கட்டம் அதில் உண்டு. அவ்விடத்தில் அந்தப் பெண்மணி என்ன கேட்பார் என்று அறிய ஆவலாயிருக்கிறோம். முடிக்க ஓராண்டு ஆகலாம். பூண்டு அறுவடையின்போது நிறுத்தவும் நேரலாம். எங்களுக்கு அவசரமில்லை.