உயிரணுவின் மதகும் தமிழின் கடமையும்

மனித உடல் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தோன்றுகிறது. அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகிக் கண்ணாகவும் எலும்பாகவும் குருதியாகவும் உருப்பெறுகிறது. எந்த அணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்னும் செய்தியை ஏற்று அடுத்தடுத்துக் கடத்துபவை புரதங்கள். வளர்ச்சிக்கு உதவும் புரதமே கட்டுப்பாட்டை இழந்தால் நோய்க்கு வித்தாகிறது. இவ்வுண்மையை எளிய தமிழில் மக்களிடம் கொண்டு செல்வது அறிவியல் துறைகளின் பணி மட்டுமன்று. தமிழ்த்துறையின் கடமையுமாகும் என்பதே என் துணிபு.

கடினமான பொருள் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் கீழ்க்கட்டளை ஏரியை எண்ணிப் பாருங்கள். அது நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குச் சென்று, பின்னர்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் செல்வதுபோலவே புரதத்திலிருந்து புரதத்திற்குச் செய்தி செல்கிறது. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் மதகுகள் அவ்வழியில் உள்ளன. மூட முடியாதபடி ஒரு மதகு பழுதானால் பயிர் என்னாகும்?

ஏபிஎல் என்னும் புரதம் அத்தகைய மதகுகளுள் ஒன்று. இதற்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் நலிந்து பிறந்து, பெரும்பாலும் சில வாரங்களில் மடிந்தன என்பது 1991இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது. வளர்ச்சிக்கு இது அத்துணை இன்றியமையாதது. ஆனால், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது, ஏபிஎல் மரபணு பிசிஆர் என்னும் மற்றொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் பிறக்கும் கலப்புப் புரதம் மூடாத மதகாகிறது. ‘பெருகு, பெருகு’ என்னும் செய்தி ஓயாமல் பாய, வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. இதுவே நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். நோயுற்ற அணுக்களில் காணும் குறுகிய குரோமோசோமை நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் 1960இல் கண்டறிந்தனர். துண்டுகள் இடம்மாறுவதே காரணம் என்று ஜேனட் ரவுலி 1973இல் நிறுவினார். அப்பழுதுபட்ட மதகை அடைக்கும் இமாடினிப் என்னும் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இம்மாத்திரையின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. இதன் ஒருவகைப் படிக வடிவத்திற்குக் காப்புரிமை வேண்டி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அறிந்த மருந்தின் புதிய வடிவம் கூடுதல் குணமளித்தாலன்றிக் காப்புரிமை இல்லை எனக் கூறும் சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. வழக்கு நடந்த காலத்தில் அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்துக்கோ 8,000 முதல் 10,000 ரூபாய். ஏழைக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது உயிரன்றோ!

மருந்து எட்டும் தொலைவுக்கு வந்தது. விளக்கம் வந்ததா? ‘நோயாளிக்கு மாத்திரை போதும், புரதக் கதை எதற்கு?’ என்பார் உளர். இம்மாத்திரையை நாள் தவறாமல் உண்ண வேண்டும். உடல் தேறியதும் ‘குணமாகிவிட்டது’ என்று தாமே நிறுத்துவோருக்கு நோய் மீளக்கூடும். மதகு பழுதாகவே இருக்கிறது, அடைப்பை எடுத்தால் வெள்ளம் பாயும் என்று அறிந்தவர் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவாரா? கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறுவதும் இதனாற்றான். நோயைத் தடுக்கும் மருந்து கருவின் வளர்ச்சிச் செய்தியையும் தடுக்கக்கூடும். எனவே விளக்கமும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

தமிழால் இது இயலுமா என்னும் ஐயம் வேண்டா. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா அறிவியல் தமிழ்ச் சொல்லாக்கத்திற்கே தம் வாழ்நாளை அளித்தார். எல்லாச் சொல்லையும் புதிதாக ஆக்க வேண்டும் என்பதில்லை. ‘இமாடினிப்’ அப்படியே இருக்கட்டும். அது செய்யும் வேலையைச் சொல்ல ‘மதகு’ போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழ் மாணவரும் அறிவியல் மாணவரும் இணைந்து ஆண்டுக்கொரு நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதுக. மருத்துவர் ஒருவர் அதன் பிழை நீக்குக. அச்சேறுமுன் அதனை நம் பகுதியின் எளிய மக்களிடம் படித்துக் காட்டி, விளங்காத சொல்லை மாற்றுக. அச்சுச் செலவைச் சமுதாயப் பெரியோர் ஏற்பாராயின், மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் அந்நூலை விலையின்றி வழங்கலாம். தமிழ் கற்றதன் பயன் அங்கும் தெரியட்டும்.