ஒட்டுக்குக் கீழே ஒரு போத்து

காமயகவுண்டன்பட்டியில் யாருக்கும் கவாத்துப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்பது திராட்சைப் பந்தலுக்கடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கே அத்துப்படி. அதே கைதான் வாசலில் நிற்கும் ஒட்டு ரோஜாவிடம் தடுமாறுகிறது.

தள்ளுவண்டியில் வாங்கிய சிவப்பு ரோஜா கொஞ்ச நாள் நன்றாகப் பூக்கும். பிறகு அடியிலிருந்து வெளிர்பச்சையாய் ஒரு போத்து விறுவிறுவென்று ஆள் உயரத்துக்குக் கிளம்பும். "செடி தழைஞ்சிருச்சு" என்று வீட்டில் ஒரே சந்தோஷம். பூவைத்தான் காணோம். மேலே சிவப்பு ரோஜா இளைத்துக்கொண்டே போகும்.

காரணம், வேர் ஒரு முரட்டு ரோஜாவுடையது. அதில் நல்ல ரோஜாவின் மொட்டுக் கண் ஒன்றைச் செருகிக் கட்டியதற்குத்தான் நாம் காசு கொடுத்தோம். முரடாக இருப்பதால்தான் அதை வேருக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். திராட்சையிலும் இப்படி உண்டு: 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி தின்றபோது, அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டித்தான் மீட்டார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையோ பெரும்பாலும் குச்சி நட்டு வந்தது. அடியில் துளிர்த்தாலும் அது பன்னீர்தான். நம் ஊர்க்காரர்கள் அடிப்போத்தைச் சந்தேகப்படாததற்கு இதுதான் காரணம் என்பேன்.

ஒரு காம்பில் ஏழு இலை விட்டால் காட்டு ரோஜா என்பார்கள். நம்பாதீர்கள், நல்ல ஒட்டிலும் ஏழு வரும். போத்து, கண் செருகிய இடத்தில் புடைத்திருக்கும் ஒட்டு முண்டுக்கு மேலே கிளம்புகிறதா, கீழேயா என்று மட்டும் பாருங்கள்.

கீழே என்றால், மண்மட்டத்தில் கத்தரிக்கக் கூடாது. அது கவாத்து, ஒன்றுக்கு நாலாய்த் திரும்பி வரும். மண்ணை விரலால் விலக்கி, போத்து வேரில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பாகப் பிய்க்க வேண்டும். அடிச்சதையோடு, ஒளிந்திருக்கும் மொட்டுகளும் சேர்ந்து வரும். முற்றிப்போனதைக் கூரான கத்தியால் குச்சம் விடாமல் ஒட்டச் சீவுங்கள். களைக்கொத்தி வேரைக் கிழித்தாலும், மேற்செடியை மொட்டையடித்தாலும் போத்து கூடும். கிளைபோசேட் தொட்டு வைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். போத்தின் வழியே வேருக்கு இறங்கி மொத்தச் செடியையும் முடித்துவிடும்.

சப்போட்டாவிலும் இதே கூத்துதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். ரகங்களைப் பாலை மரத்தின் வேரில் ஒட்டுகிறார்கள். அடியில் தடித்த சிறு இலை, நுனி மழுங்கிப் பிளந்தாற்போல் தெரிந்தால் அது பாலை. சுண்டை வேரில் ஒட்டிய கத்தரியைக் கவனிக்காமல் விட்டவர் வீட்டில் சுண்டைக்காய் வற்றலுக்குப் பஞ்சமிருக்காது.

ரோஜாவில் மேல் ஒட்டு பட்டே போயிருந்தால், பென்சில் கனத்தில் ஒரு போத்தை மட்டும் விட்டுவையுங்கள். பட்டையை 'டி' எழுத்துப்போல் கீறி, தெரிந்தவர் வீட்டு நல்ல ரோஜாவின் கண் ஒன்றைச் செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றவும். மூன்று வாரம் கழித்தும் கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது.