நெட்டிலிங்கம் அசோகம் ஆகாது

டெல்லி வந்த நாளாய்ப் பார்க்கிறேன். காம்பவுண்டு ஓரம் ஊசிக்கோபுரமாய் நிற்கிற மரத்தை எல்லோரும் 'அசோக்' என்கிறார்கள். நம்மாட்களும் பிள்ளைகளுக்கு அதையே சொல்லித் தருகிறார்கள்.

ஐயா, அது நெட்டிலிங்கம்! சீதாப்பழக் குடும்பம். ஓரம் நெளிந்த தனி இலை, இளம்பச்சையில் ஆறிதழ்ப் பூ. சீதை உட்கார்ந்த அசோகம் வேறே. அது புளியமரத்துக்குச் சொந்தம். ஒரே காம்பில் ஜோடி ஜோடியாய்ச் சிற்றிலை, ஆரஞ்சும் சிவப்புமாய்க் கொத்துப் பூ, தட்டைக் காய்.

"பேர்ல என்ன சார் இருக்கு?" என்பார்கள். இருக்கிறது. பெண்களின் அதிக உதிரப்போக்குக்கு ஆயுர்வேதம் சொல்வது அசோகப்பட்டையை. கடைச்சரக்கில் நெட்டிலிங்கப்பட்டை கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை பிடிபட்ட சங்கதி. பொடித்தபின் கண்ணுக்கு என்ன தெரியும்? நிஜ அசோகத்தை ஐயூசிஎன் 1998லேயே அழியும் அபாயமுள்ள இனமாகப் பட்டியலிட்டுவிட்டது. "அதான் தெருவெல்லாம் நிற்கிறதே" என்று நினைத்தால் அதை யார் காப்பாற்றுவார்கள்?

மொபைலில் ஒற்றை இலையைப் பார்த்ததும் பெயர் சொல்கிற மேதாவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: இலை, பூ, காய் பாருங்கள். இன்னின்ன அடையாளத்தால் இது இன்னது என்று சொல்லுங்கள். காரணம் சொல்லாத பெயர் வெறும் ஊகம். தெரியாவிட்டால் 'தெரியலை' என்று சொல்லுங்கள். குடியா முழுகிவிடும்?